தலைமை அதிகாரியை நாற்காலியோடு இழுத்த அக்காவுக்கு

மார்ச் ஒன்பதாம் தேதி முற்பகலில், இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தின் முன்நாற்காலியின் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த படம் நின்றுபோனது.

அலைகளை அடக்கியாண்ட அன்பு அக்கா அவர்களே! அளவுநாடாவையே அணிகலனாய் அணிந்த அருந்திறலாரே! ஆண்டெனாக்கள் அடுக்கடுக்காய்ப் பதித்த அகன்ற சுவரை முப்பதாண்டுப் பணியின் முத்தாய்ப்பாய் எழுப்பி, இன்று பணி ஓய்வு பெறுபவரே! வணக்கம்.

அன்று அந்தச் சுவரின் தலையெழுத்தே தொங்கலில் இருந்தது. ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னுமாய் இரு நாற்காலிகள். இரண்டின் கைப்பிடியிலும் கைபேசி. கம்பியில்லாமலே முன்னதற்கு ஒரு படமும் பின்னதற்கு வேறொரு படமும் சுவர் அனுப்ப வேண்டும். தவறினால் சுவரைக் கழற்றிவிட்டுக் கூட்ட அறை கட்டுவது என்பது தலைமை அதிகாரியின் திட்டம். முன்நாற்காலியில் அமர்ந்த அவரோ, சுவரை நன்றாகப் பார்க்கவென்று நாற்காலியோடு முன்னே நகர்ந்துகொண்டார். படம் உறைந்தது. நாங்களும் உறைந்தோம். எங்களில் ஒருவர் ஏசியைக்கூட அணைத்துப் பார்த்தார்.

திசை சரியானால் போதும் என்ற தொலைதூரக் கைபேசிக் கோபுரங்களோடே பழகிய நாங்கள் திசையை மட்டுமே சரிபார்த்தோம். "நேர்கோட்டுலதானே அக்கா இருக்காரு, என்ன கேடு?" என்று முனகினோம்.

"திசை எங்கயும் போகலப்பா, தூரம்தான் போச்சு. இம்மாம்பெரிய சுவரு, மூக்கு முட்டுற கிட்டத்துல உட்கார்ந்திருக்கோம். அலை ஒரு புள்ளியில குவிஞ்சு நிக்குது. ஐயாதான் அதை விட்டு வந்துட்டாரு" என்றீர்கள்.

சொன்னதோடு நின்றீர்களா? "ஐயா, காலை மட்டும் தூக்கிக்கோங்க" என்று, அவரை நாற்காலியோடு பின்னுக்கு இழுத்தீர்களே! தரை கிறீச்சிட்டது. தரை பாழாகிறது என்று நாங்கள் கேலிசெய்த நீங்கள் அளந்து போட்ட சாக்பீஸ் கோட்டில் நாற்காலிக் கால்கள் பட்டதும், படம் ஓடியது. முன்னே தள்ளினீர்கள், நின்றது. பின்னே இழுத்தீர்கள், ஓடியது. பின்நாற்காலியின் படம் இம்மியும் அசையவில்லை.

"இன்னொரு தடவை இழும்மா" என்றார் தலைமை அதிகாரி, காலைத் தானே தூக்கிக்கொண்டு.

அறிவால் குவித்து, அன்பால் விரித்த அக்கா! முதுகு நோகாமல், மூட்டு வலிக்காமல், நெடுங்காலம் நலமாய் வாழ்க! இனி எந்த நாற்காலியையும் நீங்கள் இழுக்க வேண்டாம். வசதியாய்ச் சாய்ந்து உட்காருங்கள்.

சுவர் கழற்றப்படவில்லை. கூட்ட அறைக்குக் கீழ்த்தளத்தில் இடம் பார்த்திருக்கிறார்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போட்டாயிற்று.

அதே கோட்டில் நிற்கும்,
இரண்டாம் மாடி ஆய்வுக்கூட ஊழியர்கள்