டவர் வேண்டாம்னோம், ரேஞ்ச் வேண்டாம்னோமா

அங்கே நின்னா கிடைக்காது சார்... கையை எத்தனை தூக்கினாலும் கிடைக்காது. இப்படி குளத்து மதில் ஓரமா வாங்கோ. இன்னும் கொஞ்சம்... ம், வந்துதா? நம்ம தெருக்காராளுக்கு இப்போ இந்த ஸ்ரீவராகம் ஏரியாவிலே ரேஞ்ச் உள்ள ஒரே இடம் இதாக்கும். நீங்கோ தானே வடக்கு வரிசையிலே புதுசா வாடகைக்கு வந்த பாங்க் ஆஃபீசர்? உமாசங்கர், திருநெல்வேலி. எனக்குத் தெரியும். நான் சுப்புலக்ஷ்மி. தெரு அசோசியேஷன் செக்ரட்டரி.

வாரக்கணக்கா இப்படித்தான். மாசக் காசு மட்டும் தேதி தவறாம வாங்கிக்கறா. யாராவது நம்மளைக் கூப்பிட்டா, 'பரிதிக்குப் புறத்தாணு'ன்னு ஒருத்தி மலையாளத்துலே சொல்றா, எல்லைக்கு வெளியிலே இருக்கோமாம். நான் அடுக்களையிலே தோசை வார்த்துண்டு நிக்கறேன், பரிதிக்குப் புறத்தாம். அவ யாரு எனக்குக் கோடு போட?

பராதி, அதான் புகார், சொல்லணும்னாலும் அதே போன்லே தான் சொல்லணும், கேட்டேளா. இந்த மதில்லே ஒட்டிண்டு நின்னு கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். ஒரு பையன். 'மேடம், போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ.' பண்ணியாச்சு. 'சிம்மை வெளியிலே எடுத்துத் தொடச்சுப் போடுங்கோ.' தொடச்சாச்சு. விபூதி ஒண்ணு தான் இட்டு விடலை. கடைசியிலே ஒரு பராதி நம்பர் தந்தான். மறுநாள் மெசேஜ் வரது, உங்கள் பராதி தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்னு. அதைப் படிக்கவும் நான் இங்கே தான் நடந்து வரணும்.

என்ன, வேற கம்பெனிக்கு மாறணுமா? உங்களுது வேற கம்பெனி தானே, பின்னே நீங்கோ எதுக்கு இங்கே நிக்கறேள்? எல்லாக் கம்பெனியும் ஒரே கம்பத்துலே தான் தொத்திண்டிருந்துதாம்.

நான் விட மாட்டேன். காசு வாங்கிண்டு சேவை தரலேன்னா அதுக்குப் பேர் சேவைக் குறைபாடு. முதல்லே கம்பெனிக்குப் பராதி. தீரலேன்னா அவாளோட அப்பீல் அதிகாரி. அதுக்கும் மசியலேன்னா கன்ஸ்யூமர் கோர்ட். வக்கீல் கூட வேண்டாம், நாமளே நின்னு பேசலாம். எனக்குப் பேசவா தெரியாது? உங்க கையெழுத்தும் ஒண்ணு போடுங்கோ. பாங்க் ஆஃபீசர் போட்டா ஒரு கனம் உண்டு.

வெறுதே வம்பளக்கவா எனக்கு போன்? என் பொண்ணு ஜானவி, டெக்னோபார்க்கிலே வேலை, முப்பது தாண்டியாச்சு. அவ அப்பா இல்லை, எல்லாம் நான் தான். மதுரையிலேர்ந்து ஒரு வரன். பையன் டாக்டர், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கறவர். வந்தா, சொஜ்ஜி சாப்பிட்டா, பையனும் பொண்ணும் மாடியிலே போய்ச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசித்துகள். 'யோசிச்சுட்டுக் கூப்பிடறோம்'னு பையனோட அம்மா சொல்லிட்டுப் போனா. கூப்பிட்டிருக்கா சார். ஒரு தரம் இல்லே, எத்தனையோ தரம். இங்கே வந்து நின்னப்பறம் தான் மிஸ்டு கால் மெசேஜ் வரிசையா விழறது.

திரும்பிக் கூப்பிடலாமேன்னா? நன்னாயிருக்கு. பொண்ணாத்துக்காரா விழுந்தடிச்சுக் கூப்பிட்டா எளப்பமா நினைக்க மாட்டாளா? அவா கூப்பிடணும், நாம எடுக்கணும், அதாக்கும் மொறை. ஜானவி நம்பரா? பொண்ணோட நம்பரை யாராவது குடுப்பாளா?

இதுக்கு நடுவிலே கம்பெனிக்காரன் பதில் எழுதியிருக்கான், திமிரைப் பாருங்கோ. தெருக்காரா கேட்டுண்டதாலே டவரை எடுத்தானாம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? டவர் வேண்டாம்னோம். ரேஞ்ச் வேண்டாம்னு யாராவது சொன்னோமா?

எந்த டவரா? அதான், தெருக் கோடியிலே சாம்பசிவன் ஆத்து மொட்டை மாடியிலே நின்னுதே. நீங்கோ வரதுக்கு முன்னாடி. தெருவிலே மூணு ஆத்துலே பொண்ணுகளுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போறதேன்னு பிரஸ்னம் வச்சுப் பாத்தோம். ஜோஸ்யர் சோழி பரத்திச் சொன்னார், ஈசான மூலையிலே இரும்பு ஒண்ணு ஓங்கி நிக்கறது, வர வரனை அது தடுக்கறதுன்னு. வடகிழக்கு தாழ்ந்து தான் இருக்கணும் சார், ஓங்கப்படாது. கார்ப்பரேஷன் மனுவிலே பிரஸ்னம்னு எழுத முடியுமோ? கதிர்வீச்சுன்னு எழுதினேன். குருவி சாகறதுன்னு ஒரு வரி சேத்தேன். ஆத்துக்கு ஆம் ஏறி எறங்கிக் கையெழுத்து வாங்கினதும் நான் தான். சாம்பசிவன் கெஞ்சினார், வாடகை போயிடுமேன்னு. போட்டும்னுட்டேன். சிங்ஙம், அதான் ஆவணி, பொறந்ததும் பிரிச்சு லாரியிலே ஏத்திண்டு போனா.

சிரிக்காதேங்கோ. பின்னாடியே மதுரை ஜாதகம் வந்துது. இதுக்கு மேலே என்ன ருசு வேணும்? டவர் திரும்பி வரப்படாது, ரேஞ்ச் மட்டும் வரணும். எப்படித் தரணும்ங்கறது கம்பெனி பாடு. காசு வாங்கறானோ இல்லையோ?

உங்க போன்லே இப்போ எத்தனை கோடு காட்டறது? ரெண்டா... ஒரு உபகாரம் பண்ணுவேளா? அந்த மதுரை மாமியை உங்க நம்பர்லேர்ந்து கூப்பிடுங்கோ. தெருக்காரர்னு சொல்லுங்கோ. இங்கே லைன் சரியில்லை, அதான் பொண்ணாத்துலே போனை எடுக்க முடியலை, வேற ஒண்ணும் இல்லேன்னு... அவ்வளவு தான். நான் பக்கத்துலே நிக்கறேன்னு மட்டும் சொல்லிடாதேங்கோ. இந்தாங்கோ நம்பர்.

ரிங் போறதா... பேசுங்கோ, பேசுங்கோ.

என்ன, நமக்கு இஷ்டமில்லையோன்னு நினைச்சுட்டாளா? பாத்தேளா, பாத்தேளா. அப்படியெல்லாம் இல்லேன்னு சொல்லுங்கோ. ரொம்ப இஷ்டம்னு... ரொம்ப வேண்டாம், இஷ்டம்னு சொன்னாப் போறும். அவாளுக்கும் சம்மதமா? பத்மநாபா.

இன்னும் என்ன கேக்கறா? பையனை ஆஸ்பத்திரிலேர்ந்து எந்நேரமும் கூப்பிடுவா... தலை தீபாவளிக்கு இங்கே வந்து தங்கினா லைன் கிடைக்குமான்னா? அது ஒண்ணு தான் யோசனையா இருக்காம்?

இருங்கோ. அவா காதிலே விழாம போனைக் கையாலே பொத்திக்கோங்கோ.

கிடைக்கும்னு சொல்லுங்கோ. நன்னாக் கிடைக்கும்னு சொல்லுங்கோ. புதுசா டவர் வரப்போறதுன்னு சொல்லுங்கோ. பெரிய டவர்னு சொல்லுங்கோ.

வச்சுட்டாளா. சந்தோஷமா வச்சாளா? சரி.

என்ன அப்படிப் பாக்கறேள்? ஜோஸ்யர் என்ன சொன்னார், வர வரனைத் தடுக்கும்னார். எங்காத்து வரன் தான் வந்தாச்சே. உள்ளே வந்தவரை அந்தக் கம்பி என்ன பண்ணும்? மத்த ரெண்டாத்துப் பொண்ணுகளா... அதை அவா அவா பாத்துக்கணும், நான் ஒருத்தி எத்தனை பேருக்கு ஓடறது?

இப்போ சாம்பசிவன் கிட்டே யாராவது பேசணும். நான் போனா கதவைச் சாத்துவார். நீங்கோ புதுசு, உங்க மேலே அவருக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை. மனுவை நானே எழுதித் தரேன், முதல் கையெழுத்து உங்களுதா இருக்கட்டும். என் பேர் அதிலே வேண்டாம்...

சார், அந்தப் பக்கம் எங்கே போறேள்? அது கிழக்கேகோட்டைக்குப் போற வழி. சாம்பசிவன் ஆத்துக்கு இந்தக் கோடிக்காக்கும் போகணும். சார்...