முதுகுப் பக்கம் நடந்தவர்

காலை ஐந்தே முக்கால். ஆமாம், காலைதான். இந்த மாதிரி விஷயமெல்லாம் ராத்திரியில்தான் நடக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்தப் பழைய ஆலயத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் சாலை. இரண்டு பக்கமும் வெறும் கல்லும் முள்ளும்தான். ஒரு வீடு கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. பனி வேறு... பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அதில் ஒரு பெண் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். என் நண்பனுடைய அக்கா. அவனுக்கு அக்கா என்றால் எனக்கும் அக்கா, உங்களுக்கும் அக்கா. பொய் சொல்கிற ஆள் இல்லை. கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

அக்காவுக்கு அங்கே கைடு வேலை. ஆலயத்துக்கு அடியில் அந்தக் காலத்துத் துறவிகள் குடைந்த சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் நடக்கிற அகலம். ஒரு முனையில் இறங்கினால் முக்கால் மணி நேரம் கழித்து மறுமுனையில் ஏறலாம். ஒரு தடவைக்குப் பதினைந்து பேர், கூட ஒரே ஒரு கைடு. அவர்கள் உள்ளே போனதும் பூட்டுக்காரர் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு, மேலே சுற்றி நடந்துபோய் மறுமுனைக் கதவைத் திறப்பார். நடுவில் வேறு வழி கிடையாது. சாவியும் அவரிடம் மட்டும்தான்.

இதில் அக்காவுக்கு ஒரு தனித் திறமை உண்டு. பின்பக்கமாக நடப்பார். முன்னால் பார்த்து நடந்தால் பேசுவது பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்காது, குரலைச் சுரங்கம் விழுங்கிவிடும். அதனால் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, இடது முழங்கையைச் சுவரில் லேசாக உரசியபடி, ஒரு தடவைகூடத் திரும்பாமல் முழுப் பாதையையும் நடந்துவிடுவார். பதினோரு வருடப் பழக்கம். வளைவு, படி, தலை இடிக்கிற இடம் எல்லாம் முழங்கைக்கே மனப்பாடம். கொஞ்சம் பெருமையும் உண்டு, இருக்காதா பின்னே?

அன்று காலை அந்தப் பெருமையெல்லாம் போயிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டு, பார்வையாளர் கருத்து எழுதும் நோட்டை முன்னால் போட்டிருந்தார். மூன்று வெவ்வேறு கையெழுத்து. மூன்றிலும் ஒரே விஷயம். முன்னால் விளக்குடன் நடந்துபோன இன்னொரு கைடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, ஆனால் பொறுமையாக வழிகாட்டினார் என்று.

இன்னொரு கைடா? மேலாளர் அதைத்தான் கேட்டார். சொந்தக்காரர் யாரையாவது உள்ளே கூட்டிப்போகிறீர்களா என்று. விதிப்படி அது வேலையே போகிற குற்றம். அதுவும் இல்லாமல், மாதக் கடைசியில் இரண்டு கைடுகளில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவின் கணவர் கை எலும்பு முறிந்து நான்கு மாதமாக வீட்டில். இரண்டு பெண் குழந்தைகள். இந்த ஒரு வேலையில்தான் அந்த வீடே ஓடிக்கொண்டிருந்தது.

சாலை முடிகிற வரை அக்காவின் மனதில் ஒரே ஆள்தான். ரேடியோ. புதிதாக வந்த இன்னொரு கைடு. வாய் மூடாத பையன் என்பதால் அந்தப் பெயர். இவனேதான்... பூட்டுக்காரரைக் கையில் போட்டுக்கொண்டு, மறுமுனை வழியாக உள்ளே வந்து, தன் முதுகுக்குப் பின்னால் விளக்கோடு நடக்கிறான். அக்காவின் முதுகுப் பக்கம் என்றால் கூட்டத்துக்கு நேர் எதிரே. அவர்களுக்கெல்லாம் தெரியும், அக்காவுக்கு மட்டும் தெரியாது. அக்காவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று காட்டத்தான் இந்த வேலை. அப்படித்தான் அக்கா முடிவு கட்டினார்.

ஆறரைக்கு முதல் கூட்டம் இறங்கியது. ஈரக் கல் வாசம், வௌவால் நாற்றம், பதினைந்தடிக்கு ஒரு குண்டு பல்பு. அக்கா பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். அன்று பேச்சில் கவனமில்லை, கண்களையே பார்த்தார். வழக்கமாகப் பதினைந்து ஜோடிக் கண்ணும் அவர் முகத்தில் இருக்கும். அன்று இல்லை. எல்லாம் அவருடைய இடது தோளுக்கு மேலே... சற்றுத் தள்ளி... ஒரே இடத்தில்.

அப்புறம் சத்தம் கேட்டது. சரக்... சரக்... வெறுங்கால் மண்ணில் உரசுகிற சத்தம். அக்கா ஒரு அடி வைத்தால், அரை நொடி கழித்து அதுவும் ஒரு அடி. கூடவே திரி கருகிய வாசம். உள்ளே தீப்பெட்டி கொண்டுபோகவே தடை.

சட்டென்று திரும்பினார். பல்பு, சுவர், காலிப் பாதை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஓடியிருப்பான் என்று நினைத்தார். மறுபடி கூட்டத்தைப் பார்த்து, முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம் யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"உங்க கூட வந்தவரைத்தான். நீங்க திரும்பினா அவர் குனிஞ்சுக்கறாரே, ஏன்?"

அக்காவுக்குப் பயம் வந்தது. ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. மேலே ஏறியதும் நேராக ரேடியோவிடம் போய், "தம்பி, ஒரு குடும்பத்து வயித்துல அடிக்காதீங்க" என்றார். அவன் விழித்தான். காலையிலிருந்து டிக்கெட் அறையில்தான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்தான். அக்கா நம்பவில்லை. பூட்டுக்காரர் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டி, முப்பது வருடத்தில் ஒரு குறை கேட்டதில்லை என்று அழாத குறையாகச் சொன்னார். அக்கா அவரையும் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே போன பார்வையாளர்களைக்கூட, காசு கொடுத்து செட்டப் செய்த ஆட்களோ என்று பார்த்தார். சந்தேகம் வந்துவிட்டால் அப்படித்தான், யாரையும் விட்டு வைக்காது.

கடைசியில் மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார். நாளைக்கு முதல் கூட்டம் இறங்கி, கதவைப் பூட்டியதும், ரேடியோ, பூட்டுக்காரர், நீங்கள், மூன்று பேரும் மறுமுனைக் கதவில் நில்லுங்கள். நான் வருகிறேன். என்னோடு இன்னொரு ஆள் வெளியே வந்தால் அன்றைக்கே என்னை அனுப்பிவிடுங்கள். மேலாளர் சரி என்றார்.

மறுநாள். பதினைந்து பேருடன் அக்கா இறங்கினார். கதவு பூட்டியாயிற்று. பதினைந்து பேருடன் அக்கா இறங்கினார். முதல் வளைவு வரை ஒன்றுமில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார்...

அப்போது கண்கள் நகர்ந்தன. ஒவ்வொன்றாக, இடது தோளுக்கு மேலே.

ரேடியோ வெளியே நிற்கிறான். பூட்டுக்காரரும் வெளியே. அப்படியென்றால்... அக்கா அதற்கு மேல் நினைக்க விரும்பவில்லை. சரக்... சரக்... இந்தத் தடவை சத்தம் முதுகை ஒட்டிக் கேட்டது. பிடரியில் ஒரு சூடு, யாரோ விளக்கைக் கிட்டே பிடித்தது மாதிரி. இனி முடியாது என்று தோன்றியது. பதினோரு வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முன்பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

எதிரே யாரும் இல்லை. பல்பு மேல் பல்பாகப் பாதை காலியாகக் கிடந்தது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். பேசினாலும் பின்னால் கேட்காது என்று பேச்சை நிறுத்திவிட்டு, விறுவிறுவென்று நடந்தார். பின்னால் கூட்டத்தின் செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அதற்கும் அவருக்கும் நடுவில், ரொம்பக் கிட்டத்தில், இன்னொரு ஜோடிக் காலின் சத்தம். முன்வரிசை ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுமுனைக் கதவு திறந்திருந்தது. வெளிச்சம். மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

"நல்லா பாத்துக்குங்க, நான் ஒருத்திதான் வந்தேன்" என்றார் அக்கா, மூச்சு வாங்க.

ரேடியோ தலையை ஆட்டினான். பின்னாலேயே கூட்டம் ஏறி வந்தது. அக்கா எண்ணினார். பதினைந்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேலாளர் முகத்தில் சிரிப்பு. முதலில் வந்த ஒரு பெரியவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம், மேலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மாதிரி கைடை நான் பாத்ததே இல்லைங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசிப் படி வரைக்கும் எங்க முகத்தையே பாத்துப் பேசிக்கிட்டு வந்தாங்க. ஒரு தடவைகூடத் திரும்பல."

கூட்டமே ஆமாம் என்றது. மேலாளர் அங்கேயே சொல்லிவிட்டார், வேலை அக்காவுக்குத்தான் என்று. அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை.

"கடைசியா உங்க சின்னப் பொண்ணு பத்திச் சொன்னீங்களே" என்றார் பெரியவர், அன்பாக. "இருட்டுன்னா பயப்படுதுன்னு. கூட்டிட்டு வாங்கம்மா. நீங்க சொன்ன மாதிரியே, ஒரு தடவை உள்ள வந்துட்டா பயம் போயிடும்."

சின்னவளுக்கு இருட்டு என்றால் பயம்தான். ஆனால் அக்கா சுரங்கத்துக்குள் வீட்டுப் பேச்சை எடுத்ததே கிடையாது.

மத்தியானமே விடுப்பு கேட்டுக்கொண்டு கிளம்பினார். சாலையில் ஓட்டமும் நடையுமாக வந்து, கிடைத்த பேருந்தில் ஏறி, வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியவள் பள்ளியிலிருந்து வரவில்லை. சின்னவள் மட்டும் நல்ல கவுனை மாட்டிக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சுரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், கிளம்பி இரு, இதோ வரேன்னு சொல்லிட்டு எங்கேம்மா போயிட்டே? எவ்ளோ நேரமா உக்காந்திருக்கேன்..."