பின்னாடி வண்டி வருது

மதியம் இரண்டு மணி. ஜூலை மாதம். பண்ணையிலிருந்து கல்லூரிக்குப் போகிற சரளைச் சாலை... ஈ காக்கை கிடையாது.

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? சிரிக்காதீர்கள். அந்த மெழுகுவர்த்தியை இப்படித் தள்ளி வையுங்கள், கரண்ட் வருகிறபோது வரட்டும். இது நம் முத்துராமனுடைய மச்சானுக்கு நடந்தது. எழுபத்தாறில். இங்கே சவூதியில், ஜுபைலில் இல்லை, அமீரகத்தில், மலையோரமாக ஓர் ஊரில்.

மச்சான் பெயர் தியாகு. விவசாயம் படித்தவர், அங்கே ஓர் அரசாங்கக் கல்லூரியில் வாத்தியார். முதலில் அது வெறும் பண்ணைப் பள்ளிக்கூடம்தான். தக்காளியும் குதிரைமசால் தீவனமும் போடக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஊருக்குள் கட்டடம் கட்டி, மோட்டார், கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் சேர்த்துக் கல்லூரி ஆக்கினார்கள். சாயங்கால வகுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பண்ணையில் வேலை பார்த்த ராமையாவைச் சேர்த்துவிட்டதே தியாகுதான். "காலேஜுன்னா எல்லாருக்கும்தான்யா" என்று அவன் தோளில் தட்டிய மனுஷன்.

அன்று தியாகு புதுக் காரில் வந்துகொண்டிருந்தார். சீட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பாதி வழியில் ராமையா கை காட்டினான். பண்ணையின் ஒரே பிக்கப் பண்ணைப் பட்டறையில் பழுதாகிக் கிடந்ததால், வகுப்புக்கு நடந்தே கிளம்பியிருந்தான். கோழி எரு அள்ளிய அதே வெள்ளைச் சட்டை... நாற்றம் முகத்தில் அடித்தது.

தியாகு வேகத்தைக் குறைத்தார். சட்டையைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். பிறகு, நம் ஊர் பஸ் டிரைவர் நிறுத்தாமல் போகும்போது செய்வானே, அதே மாதிரி கையை வெளியே நீட்டிப் பின்பக்கம் காட்டினார். பின்னாடி வண்டி வருது, அதில் வா என்று. பிக்கப் சரியாகிவிட்டது என்று ராமையா நம்பியிருப்பான். சரியாகவில்லை என்று இவருக்குத் தெரியும்.

ராமையா வகுப்புக்கு வரவில்லை. ரூமுக்கும் திரும்பவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவனோடு ஒரே ரூமில் இருந்த கல்லூரி டிரைவர் கார்மேகம் மட்டும் தியாகுவைத் தேடி வந்தான்.

"அவன் ஓடுற ஆள் இல்ல சார். அன்னிக்கு நீங்க அந்த வழியாத்தான வந்தீங்க... பாத்தீங்களா?"

"இல்லையே."

அதற்குப் பிறகு தியாகுவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம். சவரம் செய்யும்போது தன் முகத்தைப் பார்க்கவே கூசியது என்று பின்னாளில் முத்துராமனிடம் சொன்னாராம்.

அதே வாரம், அதே வேளை, அதே இடம்... கார் நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்து உஸ்ஸென்று ஆவி. இறங்கினார். காற்று அசையவில்லை. ஆனால் கோழி எரு நாற்றம்.

பண்ணைப் பக்கமிருந்து பிக்கப் வந்தது. சரளையில் டயர் உருளுகிற சத்தம் இல்லை... எஞ்சின் சத்தமும் இல்லை. தியாகு தன்னையறியாமல் கை காட்டிவிட்டார். அப்புறம்தான் உறைத்தது, பிக்கப் இன்னும் பட்டறையில் அல்லவா கிடக்கிறது!

ஸ்டீயரிங்கில் ராமையா. அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. இவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி, பின்பக்கம் காட்டினான். போய்விட்டான்.

தியாகு திரும்பிப் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை. சாலையை விட்டுத் தள்ளி, மணல்மேட்டுக்குப் பின்னால், ஒரு குட்டை முள்மரத்தின் உச்சி... அதில் ஏதோ வெள்ளையாக.

ஓட்டமும் நடையுமாகக் கல்லூரிக்குப் போய், கார்மேகத்தைக் கூட்டிக்கொண்டு டிராக்டரில் வந்தார். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கார்மேகம் இவர் பக்கம் திரும்பாமல் டிராக்டரை விரட்டினான். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தியாகுவுக்கு.

மரத்தடியில் ராமையா உட்கார்ந்திருந்தான், வண்டி வரவேண்டிய பக்கம் பார்த்தபடி. உயிர் போய் நாளாகிவிட்டது. பக்கத்தில் தண்ணீர் கேன் காலி.

கார்மேகம் மரத்தில் தொங்கிய சட்டையை அண்ணாந்து பார்த்தான். "குடிக்கிற தண்ணிய ஊத்திச் சட்டைய அலசிருக்கான் சார்... வர்ற வண்டிக்காரர் மூஞ்சியச் சுளிக்கக் கூடாதுன்னு."

சட்டையை எடுக்கத் தியாகு கையை நீட்டினார். அந்த வெயிலில் துணி காயப் போட்டால் கை எடுப்பதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். இத்தனை நாள் கழித்து...

அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.