சம்பந்தி வீட்டுக் களி

தீர்த்தம்மாள்: ...அதான் கேக்கறன். பாதி இலையில எந்திரிச்சி வந்து, இங்க எருக்குழிய பாத்துக்கிட்டு நின்னா என்னாண்ணா அர்த்தம்?

சென்னப்பன்: ம்...

தீர்த்தம்மாள்: ம்முனா? நீங்க யாரு, பொண்ணப் பெத்தவரு. இது யாரு வூடு, மாப்ள வூடு. கை நனைக்க உக்காந்தவரு பாதியில எந்திரிச்சா, இந்தச் சம்பந்தம் புடிக்கலன்னு அர்த்தம். நம்ம பாப்பாரப்பட்டியிலயும் அப்பிடித்தான், இந்தப் பாலக்கோட்டுலயும் அப்பிடித்தான்.

சென்னப்பன்: தெ... தெரியும்.

தீர்த்தம்மாள்: தெரிஞ்சேவா! மாதேஸ்வரிக்கு இந்த எடம் வேணாமா? பையன் அர்ச்சுனன் சர்க்கரை மில்லுல வேலை. குடிக்கறது இல்ல, சீட்டாடறது இல்ல. இது நான் பொறந்து வளந்த ஊரு, எனக்குத் தெரியாததா? அந்தப் புள்ள போட்டோவ பாத்துட்டு ரெண்டு நாளு சிரிச்ச மொகமாவே சுத்துச்சே, அத பாத்தீங்களா நீங்க?

சென்னப்பன்: வேணும்... வேணும்... நீ போ, நான் வர்ரன்.

தீர்த்தம்மாள்: எங்க போறது? உள்ள மாதம்மாக்கா ஈயத்த காய்ச்சி காதுல ஊத்துனாப்ல உக்காந்திருக்குது. ‘உங்க வூட்டுக்காரரு எங்கம்மா’ன்னு மாப்ளையோட பெரியப்பன் கேட்டா, ‘மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காரு’ங்குது. யார் வூட்டு மாட்டுக்குண்ணா? நம்மகூட பஸ்ஸுல ஏறி வந்துச்சா மாடு?

சென்னப்பன்: சிரிக்க... வைக்காத. வலிக்குது.

தீர்த்தம்மாள்: எங்க வலிக்குது?

சென்னப்பன்: எங்கயும் இல்ல.

தீர்த்தம்மாள்: இப்பதான வலிக்குதுன்னீங்க? வாய் ஓரத்துல என்னா அது, நுரை? பல்லு வெளக்க வந்தவராட்டம். அய்யோ, கண்ணுல தண்ணி வேற வருது! கோழிக்குழம்பு காரமா?

சென்னப்பன்: ஆங்... காரம்.

தீர்த்தம்மாள்: காரமா? மாப்ளையோட அம்மா, நம்ம சின்னக்கா வைக்கிற குழம்பு பச்சக் கொழந்தைக்கு ஊட்டலாம். பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லுங்கண்ணா.

சென்னப்பன்: தீர்த்தம்மா... களி. இங்க... நெஞ்சுல... நிக்குது.

தீர்த்தம்மாள்: அட, விக்கலா! இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? தண்ணி கொண்டாரன், ஒரு சொம்பு கடகடன்னு...

சென்னப்பன்: வேணாம்! தண்ணி வேணாம்!

தீர்த்தம்மாள்: சரி, சோடா? முக்குக் கடையில கோலி சோடா இருக்குது. உடைச்சி ஊத்துனா ஒரே ஏப்பம்...

சென்னப்பன்: அய்யய்யோ... வேணவே வேணாம்!

தீர்த்தம்மாள்: அப்ப குனிங்க, உச்சந்தலையில நாலு தட்டு தட்டறன்.

சென்னப்பன்: ஏ... அடிக்காத! அடிச்சா எறங்காது. இது... வேற.

தீர்த்தம்மாள்: என்னா வேற? களி நெஞ்சுல நிக்கறதுல நல்ல களி, கெட்ட களின்னு வேற இருக்குதா?

சென்னப்பன்: நடக்கணும்... மெதுவா. பேசாம நடக்கணும்.

தீர்த்தம்மாள்: நடங்க, நானும் கூட வர்ரன். இந்த வைக்கப்போர சுத்துவம். நீங்க பேசாதீங்க, நான் பேசறன்.

சென்னப்பன்: ம்க்கும்...

தீர்த்தம்மாள்: பாத்து, எருக்குழிப் பக்கம் போய்டாதீங்க. வேட்டிய தூக்கிக் கட்டுங்க. கையில குழம்பு காயுது, அத வேட்டியில தொடைக்காதீங்க. ஏண்ணா, ‘பேசாம நடக்கணும்’னு உங்களுக்கு யாரு சொன்னது? நம்ம ஊரு வைத்தியருங்க இப்பிடி சொல்ல மாட்டாங்களே. அவங்க லேகியந்தான் குடுப்பாங்க. தண்ணி கூடாதுன்னு யாரு சொன்னது? பெரிய ஆஸ்பத்திரி பேச்சாட்டம் இருக்குதே?

சென்னப்பன்: நீ பேசறன்னு சொல்லிட்டு... கேள்வியா கேக்கற.

தீர்த்தம்மாள்: கேக்கறதும் பேச்சுதாண்ணா. போன தையில ஒரு மாசம் ஊருல இல்ல நீங்க. மாதேஸ்வரன் மலைக்கு வேண்டுதல்னீங்க. திரும்பி வரும்போது சட்ட, ஹேங்கர்ல மாட்டுனாப்ல தோள்ல தொங்குச்சி. மலைக்குப் போறவங்க மொட்ட போட்டுக்கிட்டு வருவாங்க. நீங்க முடிய அப்பிடியே வச்சிக்கிட்டு தொப்பைய குடுத்துட்டு வந்தீங்க.

சென்னப்பன்: தீர்த்தம்மா, கும்புடறன்... மெதுவா பேசு. அந்த சன்னலு அடுப்படி சன்னலு.

தீர்த்தம்மாள்: சரி சரி, காதுல சொல்லுங்க.

சென்னப்பன்: சொன்னா... நீ வெளிய சொல்லிடுவ.

தீர்த்தம்மாள்: என்னயவா சொல்றீங்க! இனிமே யார்கிட்டயாவது சொன்னன்னா என் நாக்கு அழுவிப் போவட்டும்.

சென்னப்பன்: ஆபரேஷன்.

தீர்த்தம்மாள்: அய்யோ! அப்பிடியா?

சென்னப்பன்: பெங்களூருல. வயித்துல புண்ணு. ராத்திரில்லாம்... தூக்கமில்லாம சுருண்டு கெடப்பன். பாதி வயித்த அறுத்து எடுத்துட்டு, மிச்சத்த கொடலோட சேத்து தச்சாங்க.

தீர்த்தம்மாள்: பாதியா! அப்ப இப்ப எம்புட்டு புடிக்கும்?

சென்னப்பன்: ஒரு டம்ளரு. மெதுவா தின்னு, நல்லா மென்னு கூழாக்கி முழுங்குன்னாரு டாக்டரு. சிக்கிக்கிச்சின்னா பதறாத. மேல தண்ணி ஊத்தாத. நிமிந்து நில்லு, நட. ஒன்னு கீழ போவும், இல்லன்னா மேல வரும்னாரு.

தீர்த்தம்மாள்: இப்ப எது?

சென்னப்பன்: ரெண்டும்... ரோசிச்சிக்கிட்டு நிக்குது.

தீர்த்தம்மாள்: மென்னு தின்னச் சொன்ன டாக்டரு பெங்களூரு ஆளு. களிய மெல்ல முடியுமாண்ணா? நம்ம பக்கம் எவனாவது களிய மென்னு தின்னு பாத்திருக்கமா? கிள்ளி, உருட்டி, குழம்புல பொரட்டி, முழுங்க வேண்டியதுதான். பல்லுல பட்டா சின்னப்புள்ளைங்ககூட கை கொட்டி சிரிக்கும்.

சென்னப்பன்: அதாம்மா... அதேதான். எம்பொண்ணு குடிபோற வூட்டுல, பங்காளிங்க இருபக்கமும் உக்காந்திருக்க, நான் களிய மென்னா... பாப்பாரப்பட்டிக்காரனுக்கு முழுங்கத் தெரியலன்னு அடுத்த சந்தைக்குள்ள ஊரெல்லாம் சிரிக்கும்.

தீர்த்தம்மாள்: வூட்டுல எப்பிடி சமாளிக்கறீங்க?

சென்னப்பன்: வூட்டுல கஞ்சி. கொழஞ்ச சோறு. மாதம்மா கதவ சாத்திட்டு போடும். களி தின்னே... ஆறு மாசமாச்சி. வாசன புடிச்சதும்... என்னவோ, கை தன்னால போயிடுச்சி.

தீர்த்தம்மாள்: இத ஏண்ணா மூடி வைக்கணும்? திருடுனீங்களா?

சென்னப்பன்: வயிறு அறுத்தவன் வூட்டுல பொண்ணு எடுப்பாங்களா? புத்துநோவுன்னுதான் மொதல்ல சொல்லுவாங்க. அப்பனுக்கு இருக்கறது பொண்ணுக்கும் வரும்பாங்க. கல்யாணம் முடிஞ்சதும் அப்பன் போயிட்டா யாரு சீர் செய்யறதும்பாங்க. இது பொண்ணு வாழ்க்கம்மா. நான் என்னா, ஒரு நாளு ஒரு உருண்ட...

தீர்த்தம்மாள்: அழுவாதீங்கண்ணா. நெஞ்ச அடைக்கப் போவுது... அடைச்சிதான இருக்குது.

சென்னப்பன்: வுடு. உள்ள... என்னா நடக்குதுன்னு எட்டிப் பாரு.

தீர்த்தம்மாள்: இருங்க... ஆங். பெரியப்பன் கைய இலையிலயே வச்சிக்கிட்டு வாசல பாக்கறாரு. மூடவும் இல்ல, தின்னவும் இல்ல. மாப்ளையோட அப்பா தர்மண்ணன் எல்லாருக்கும் ரசம் ஊத்திக்கிட்டே இருக்காரு. ரசத்த இலையில பாத்தி கட்டித்தான் தேக்கணும், அம்புட்டு ஊத்தறாரு. உங்களுக்காகத்தான் நேரத்த இழுக்கறாரு, பாவம்.

சென்னப்பன்: இன்னும் சம்பந்தியே ஆவல... அதுக்குள்ள எனக்காக இம்புட்டு. நல்ல மனுசன்.

தீர்த்தம்மாள்: அந்தப் பெரியப்பன் எந்திரிச்சாருன்னா போச்சி. அவரு கோவக்காரரு. ‘எங்க வூட்டு சோறு எறங்கலயா’ன்னு துண்ட ஒதறி தோள்ல போட்டாருன்னா, பங்காளிங்க மொத்தமும் பின்னாடியே எந்திரிச்சிடும்.

சென்னப்பன்: எறங்கலதான... அவரு சொல்றது நெசந்தான.

தீர்த்தம்மாள்: இந்த நேரத்துலயும் உங்களுக்கு வாயி! இன்னொரு சுத்து வாங்க. நெஞ்ச நிமித்துங்க. பந்தயத்துக்குப் போற சேவலாட்டம் நடங்க.

சென்னப்பன்: ம்... ம்... இரு.

தீர்த்தம்மாள்: என்னா?

சென்னப்பன்: இரு... இரு...

தீர்த்தம்மாள்: மேல வருதா? தள்ளி நிக்கட்டுமா? இது புதுச் சேலைண்ணா...

சென்னப்பன்: பேசாத!

தீர்த்தம்மாள்: ...

சென்னப்பன்: ...ஹப்பா.

தீர்த்தம்மாள்: போச்சா?

சென்னப்பன்: போச்சி. எறங்கிடுச்சி! கல்ல பொரட்டுனாப்ல... குளுகுளுன்னு இருக்குது. அப்பா, மாதேஸ்வரா!

தீர்த்தம்மாள்: அதான, மலைக்கே போவாதவருக்கும் எறக்கி வுட்டாரு பாருங்க சாமி! மொகத்துல இப்பதான் ரத்தம் வருது. தொடைங்க வாய.

சென்னப்பன்: மூச்சு எம்புட்டு லேசா இருக்குது! காத்து இம்புட்டு ருசியாவா இருக்கும்?

தீர்த்தம்மாள்: காத்த மென்னு முழுங்குங்க, அதுவும் சிக்கப் போவுது. வாங்க உள்ள. இலையில உக்காந்து ஒரு வாயி மோரு சோறு தொட்டுட்டு, நீங்களே மூடுங்க. அது போதும், சம்பந்தம் நெலச்சிடும்.

சென்னப்பன்: போனதும் எங்க போனன்னு கேப்பாங்களே?

தீர்த்தம்மாள்: அத நான்... ஏ, சின்னக்கா வருது. வாய மூடுங்க.

சின்னம்மாள்: ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா?

தீர்த்தம்மாள்: ஆமாங்கா! அண்ணன் உங்க பூசணிக்கொடிய பாக்கணும்னாரு. எங்க ஊருல இம்புட்டு பெருசா காய்க்காதுன்னு... என்னாண்ணா?

சென்னப்பன்: ஆங், ஆமாம்மா. நல்ல... பூசணி.

சின்னம்மாள்: அது சொரக்கா. அண்ணா, களி எறங்கிடுச்சா?

சென்னப்பன்: எ... என்னா களி?

சின்னம்மாள்: உங்க நெஞ்சுல நின்ன களி. அடுப்படி சன்னலுல நின்னு, நீங்க போர சுத்தறத பாத்துப் பாத்து எனக்குதான் தல சுத்திப் போச்சி.

சென்னப்பன்: அம்மா, அது வந்து...

சின்னம்மாள்: காலையிலருந்து உங்களுக்குன்னே அரிசியும் பாசிப்பருப்பும் கொழைய வேக வச்சி, நெய்யி ஊத்தி மூடி வச்சிருக்கறன். ‘அவருக்கு களி வைக்காதீங்க’ன்னு எங்க வூட்டுக்காரருகிட்ட படிச்சிப் படிச்சி சொன்னன். அவரு என்னடான்னா, ‘வைக்கலன்னா நமக்குத் தெரியும்னு தெரிஞ்சி போயிடும், சம்பந்தி மானம் போவும், பேருக்கு வைக்கறன், வேணாம்னு அவரே தள்ளிடுவாரு’ன்னு எலுமிச்சங்கா அளவு உருட்டி வச்சாரு. நீங்க என்னா பண்ணீங்க?

தீர்த்தம்மாள்: என்னா பண்ணாருக்கா?

சின்னம்மாள்: ‘என்னா சம்பந்தி, பொண்ணு வூட்டுக்காரனுக்கு இம்புட்டுதானா, நல்லா பெருசா ஒன்னு போடுங்க’ன்னு கேட்டு வாங்கி முழுங்குனாரு!

தீர்த்தம்மாள்: அண்ணா! எங்கிட்ட அத சொல்லவே இல்ல!

சென்னப்பன்: தங்கச்சி... எல்லாம் தெரிஞ்சேவா எம்பொண்ண கேட்டு வந்தீங்க?

சின்னம்மாள்: அறுத்தது உங்க வயித்தண்ணா. மாதேஸ்வரிக்கு என்னா வந்துச்சி? பங்காளிங்களுக்கு ஒன்னும் தெரியாது, எனக்கும் அவருக்கும் மட்டுந்தான். கண்ண தொடைச்சிட்டு வாங்க. பெரியவருகிட்ட, சம்பந்தி இலையில கோழிய பாத்ததும் சாமிக்கு வேண்டுன ஞாபகம் வந்து கும்புடப் போனாருன்னு சொல்லி வச்சிருக்கறன். சீக்கிரம் வாங்க, ரசம் தீந்து போச்சி.

தீர்த்தம்மாள்: நீங்க போங்கக்கா, அண்ணன் கைய கழுவிட்டு வருவாரு. தண்ணிய நான் ஊத்தறன்... நீட்டுங்கண்ணா கைய.

சென்னப்பன்: இந்த ஆறு மாசமா கதவ சாத்தி கஞ்சி குடிச்சன். எம்பொண்டாட்டிய தவிர ஒரு உசுருக்குத் தெரியாது. இவங்களுக்கு யாரு சொன்னது?

தீர்த்தம்மாள்: வெரலு இடுக்குல தேய்ங்க.

சென்னப்பன்: தீர்த்தம்மா.

தீர்த்தம்மாள்: நாந்தாண்ணா. நீங்க கெணத்தடியில குளிக்கும்போது வேலி சந்துல பாத்தன். நெஞ்சுக்குழியிலருந்து தொப்புளு வரைக்கும் பூரானாட்டம் தையலு. வந்து சின்னக்காகிட்ட சொல்லிட்டன்.

சென்னப்பன்: அடிப்பாவி! அவங்க வேணாம்னு சொல்லியிருந்தா எம்பொண்ணு கதி?

தீர்த்தம்மாள்: வேணாம்னு சொன்னதாலதான சொன்னன்! நீங்க அந்த ஒரு மாசமும் ஓசூருல ஒரு பொம்பளையோட குடுத்தனம் நடத்திட்டு வந்தீங்கன்னு இங்க சேதி வந்து, அப்பிடிப்பட்ட ஆளு வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டம்னுட்டாங்க. அப்பறம்தான் நான் ஓடியாந்து, ஆபரேஷன்கா, அந்த மனுசன் சொக்கத் தங்கம்னு சொல்லி மனச மாத்துனன்.

சென்னப்பன்: ஓசூரு பொம்பளையா! எவ அந்த சேதிய கெளப்பி வுட்டவ?

தீர்த்தம்மாள்: ...அதுவும் நாந்தாண்ணா. தையல அப்ப நான் பாக்கலியே!