மை ஒட்டாத மலை

ஏணியில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்ட நான்தான் நில அளவைக் கந்தோரில் இருந்தபடி ஆயுள் முழுக்க மலைகளை வரைந்து சம்பளம் வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? அளந்தவர்கள் உயரங்களைக் குறித்து அனுப்புவார்கள். ஒரே உயரமான இடங்களைக் கோட்டால் இணைப்பது என் வேலை. கோடுகள் விலகினால் சரிவு, நெருங்கினால் செங்குத்து.

கிழக்குக் கரையில் காடு மூடிய மலையொன்று. அதன் கடற்பக்கத்தில் கோடுகள் முட்டிமோதி, மை திரண்டு, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. கொஞ்சம் விலக்கி வரைந்தேன். காட்டுக்குள் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? கந்தோர்ப் பெரியவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "சீவரத்தினத்தின்ரை கைக்குப் பொன்காப்புப் போடவேணும்" என்றார். ஒரு பிரதியைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்கு முன்னர் அதைத்தான் காட்டுவேன்.

தொண்ணூறில் சண்டை மூண்டபோது எனக்குத் தெரிந்த குருநகர்க் கனிசியஸ் வந்தான். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போன அவன் மனைவி மார்கிரட், அந்த மலையடிவாரக் கரையில் அகப்பட்டிருந்தாள். கடலில் வள்ளம் இறக்க முடியாது. கரைத்தெருவும் மூடிக் கிடந்தது. மலையைத் தாண்டி இறங்குவதுதான் மிச்சமிருந்த வழி.

"அண்ணை, நீங்கள் கீறின மலைதானே. உந்தப் பக்கத்தாலை இறங்கலாமோ?" என்று கண்ணாடியில் விரல் வைத்தான்.

விரல் சரியாக அந்த இடத்தில்தான் நின்றது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சட்டத்தைக் கழற்றவேண்டி வரும். "ஓம், நல்ல சரிவு. சும்மா நடந்து இறங்கலாம்" என்றேன். வழிக்கு எள்ளுப்பாகும் கட்டிக் கொடுத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் அல்ல.

அவன் போய்ச் சேரவில்லை. ஐப்பசியில் அவன் தமையன் அடைக்கலநாதன், தம்பியைத் தேடப்போவதாகச் சொல்லிப் படத்தைக் கேட்டார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. "நாளைக்குத் தாறன்" என்று அனுப்பிவிட்டு, அழுதுகொண்டே சட்டத்தைக் கழற்றினேன். செங்குத்தை உள்ளபடி வரைய மையும் பேனையுமாக உட்கார்ந்தேன். அந்த நெருக்கத்தில் மை கட்டாயம் ஒட்டிவிடும். பேனையைத் துடைத்து வைத்தேன். மறுநாள் படத்தை அப்படியே சுருட்டிக் கொடுத்தேன்.

விசாரணைக்கு என்னை அழைத்த நீங்கள், அண்ணன் தம்பி இருவரும் ஒரே பள்ளத்தில் கிடந்ததாகச் சொல்கிறீர்கள். காடு விளிம்புவரை மூடியிருந்ததாம். காலை வைத்த பிறகுதான் நிலம் இல்லையென்று தெரியுமாம். நான் மறுக்கவில்லை, இருவரையும் கொன்றது நான்தான். ஆனால் அடைக்கலநாதனின் மடியிலிருந்து எடுத்த படத்தை மேசையில் விரித்திருக்கிறீர்களே, கொஞ்சம் குனிந்து பாருங்கள். எவ்வளவு சுத்தமான கோடுகள். ஓரத்தில் இருக்கும் கறை என்னுடையதல்ல.