ஒரே கணினியில் தனிக்குடித்தனம்

அலைவரிசை தப்பினாலும் அன்பு தப்பாத எங்கள் வானொலிச் சங்கத் தலைவர் அவர்களே! ஒலிபெருக்கி கீச்சிடும்போதெல்லாம் ஓடோடி வந்து அதன் காதைத் திருகும் செயலாளர் அவர்களே! மழையென்றும் பாராமல் மொட்டைமாடியில் ஆன்டெனா பிடித்து நின்ற பெரியோர்களே! "அந்தப் பெட்டியை எப்போதுதான் அணைப்பீர்கள்?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன தாய்மார்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

லினக்ஸ் கணினியில் வானொலி மென்பொருளை நிறுவுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐயா, முன்வரிசையில் அதற்குள் கொட்டாவியா? இது குடும்பக் கதை. நிமிர்ந்து உட்காருங்கள்.

எங்கள் வீட்டு முன்னறையில் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, எம்பிராய்டரி மிஷின் வைத்திருக்கிறாள். கணினி அனுப்புகிற பூவைத்தான் அந்த மிஷின் தைக்கும். கொழுந்தனாருக்குக் கப்பலில் வேலை. நம் சங்கத்து உறுப்பினர். போன பயணத்தில் கப்பலின் தொலைபேசி இணைப்பு கெட்டுவிட்டது என்று அவரே சங்கத்துக்குச் சொல்லியிருந்தார். இனி கரை சேரும்வரை அவர் குரலைக் கேட்க ஒரே வழி, ஞாயிறு மதியம் சிற்றலையில் அவர் நம் தலைவரோடு பேசும் நேரம்தான்.

சங்கத்துக்கே வந்து கேட்கலாமே என்கிறீர்களா? வரலாம். மறுநாள் காலையில் ஒரு மணப்பெண்ணின் உடை போய்ச் சேர வேண்டுமே! மிஷினை விட்டு அவள் எப்படி நகர்வாள்? ஏக்கம் இருந்தது, வாய் திறந்து சொல்லத்தான் இல்லை. என்னிடம் கட்டைவிரல் அளவில், வானொலி அலையைப் பிடிக்கும் ஒரு ரிசீவர் இருந்தது. வீட்டிலிருந்த அந்த ஒரே கணினியில் அதைச் செருகி, மென்பொருளை நிறுவிவிட்டால் கடல் கடந்த குரல் கைக்கெட்டும் தூரத்தில் கேட்குமல்லவா?

நிறுவினேன். பாதியில் நின்றது! "ஓர் உதவி நிரலின் புதிய பதிப்பு தேவை. பழையதை நீக்கட்டுமா?" என்று கேட்டது. செயலாளருக்குப் போன் போட்டேன். "யோசிக்காதீங்கம்மா, சரின்னு தட்டிட்டுப் போயிட்டே இருங்க!" என்றார். தலைகுனியாதீர்கள் செயலாளரே, ஊரே அப்படித்தான் தட்டுகிறது.

எனக்கோ ஆர்வம் அரித்தது. யார் இந்தப் பழையவர்? இவரை நம்பி இருப்பவர் யார்? பழையவரோடு சேர்த்து நீக்கப்போகும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசியில் இருந்தது எம்பிராய்டரி மென்பொருள்! தட்டியிருந்தால் அந்த மணப்பெண் பாதிப் பூவோடு நின்றிருப்பாள்.

வானொலிக்குப் புதிய பதிப்பு வேண்டும்; பூவுக்குப் பழைய பதிப்பு வேண்டும். இரண்டில் எது தவறு? இரண்டும் தவறில்லை. ஆனால் இருக்கும் இடமோ ஒன்றுதான்! நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, வாயில் நூலைக் கடித்தபடியே ஓரகத்தி சொன்னாள்:

"அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புல ஒத்து வரலைன்னுதானே மாடியில தனி அடுப்பு வச்சோம்? வீட்ட விட்டு யாரு போனா?"

"கிண்டல் பண்றியா?"

"கிண்டல்தான். ஏன், இந்தப் பெட்டிக்குள்ள மாடி கிடையாதா?"

இருந்தது அவையோரே, இருந்தது! அதன் பெயர் கன்டெய்னர். கணினிக்குள்ளேயே ஒரு தனியறை. வானொலி மென்பொருளை அதன் புதிய பதிப்போடு அங்கே குடிவைத்தேன். கீழே பழையது பழையபடி பூத் தைத்தது. ஆனந்தமாக வானொலியைத் திறந்தால், "ரிசீவர் எதுவும் இணைக்கப்படவில்லை" என்றது! செருகியிருக்கிறேனே, கண்ணெதிரே விளக்கு எரிகிறதே, பின் ஏன் தெரியவில்லை? பிடுங்கிச் செருகினேன். பலனில்லை. பிறகுதான் உறைத்தது: அறை கொடுத்தேன், கதவைத் திறக்க மறந்தேன்! ரிசீவரை உள்ளே அனுமதிக்கச் சொல்லி ஆணையில் ஒரு சொல் சேர்த்தேன். இரைச்சல் பொங்கியது. என் காதுக்கு அது இன்னிசை!

பொருந்தாதவற்றில் ஒன்றைத் துரத்துவதா தீர்வு? புதியது வந்தால் பழையது போய்த்தான் ஆக வேண்டுமா? "நீக்கட்டுமா?" என்று எது கேட்டாலும் திருப்பிக் கேளுங்கள்: யாரை? எதற்காக? வேறு இடமே இல்லையா? இடம் கொடுங்கள்! இடம் கொடுத்தபின் கதவையும் திறந்து வையுங்கள்!

கைதட்டியது போதும். குரல் வந்ததா என்றுதானே அந்தம்மா கேட்கிறார்கள்? வந்தது. கொழுந்தனார் நம் தலைவரிடம் காற்றைப் பற்றிச் சொன்னார், கப்பல் சாப்பாட்டைத் திட்டினார். பிறகு, "நான் நல்லா இருக்கேன்னு வீட்ல சொல்லிடுங்க. அவ எங்க இதைக் கேக்கப் போறா, மிஷின் சத்தத்துல!" என்றார்.

மிஷினும் வானொலியும் ஒன்றாக ஓட வேண்டும் என்றுதானே அத்தனை பாடுபட்டேன்? இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. என் ஓரகத்தி எழுந்துபோய், பாதிப் பூவில் மிஷினை நிறுத்தினாள்.

அந்தப் பூவை அவள் பிறகு முடித்தாள். உடையும் காலையில் போய்ச் சேர்ந்தது. அதோ, கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைக்கிறாளே, அவளுக்கும், இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!