பவர் பத்தாத பெட்டி

அதுவும் வேணாம் தம்பி, அத உள்ளயே வெச்சிருங்க. அது ஏற்கெனவே வீட்டுல இருக்கு. இங்கதான் வாங்கினேன். அப்ப வேற ஒருத்தர் இருந்தாரு, மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கிட்டு. நீங்க பரவால்ல, சிரிக்கிறீங்க. ஆமா, தாடையில என்ன பிளாஸ்திரி? சரி சரி, சின்னக் காயம்தான்னா விடுங்க. செட்டாப் பெட்டிக்கு வருவோம்.

டிவி பெருசுதான். இதோ இந்தச் செவுத்துல மாட்டியிருக்கீங்களே, அதே அளவு. அல்ட்ரா எச்டி, ஃபோர் கே, எல்லாந்தான். எங்க வீட்டுக்காரர் ஆசப்பட்டு வாங்கினது. அது வந்தப்புறம் ஹாலுக்குள்ள டிவி இருக்கா, டிவிக்குள்ள ஹால் இருக்கான்னே தெரியல. பீரோவப் படுக்குற ரூமுக்குத் தள்ளினோம். இப்ப பீரோவத் தொறக்கணும்னா கட்டில் மேல ஏறி நிக்கணும். அதெல்லாம் பரவால்லன்னாரு. டிவியப் போட்டோம். பாத்தாரு. கலங்கலா இருக்குன்னுட்டாரு.

அன்னிக்குப் புடிச்ச சனி தம்பி.

மொதல்ல இருந்தது பழைய ரிசீவர். பெட்டிக்குப் பவர் பத்தலன்னாரு. சரி, இவ்வளவு பெரிய டிவிக்குப் பழைய பெட்டி எப்படிப் பத்தும், நியாயம்தானேன்னு எச்டி பெட்டி வாங்கினோம். அதுக்கும் பவர் பத்தல. அப்புறம் ஃபோர் கே பெட்டியே வாங்கினோம், இப்ப நீங்க எடுத்தீங்களே, அதேதான். அதுக்கும் பத்தலையாம். முன்னாடியெல்லாம் எனக்கு ரிமோட்டுல சத்தம் வெக்க மட்டுந்தான் தெரியும். இப்ப உங்க வேலைய நானே பாப்பேன். ஃபோர் கேல வர்ற சேனல விரல் விட்டு எண்ணிரலாம், மத்ததையெல்லாம் டிவியே இழுத்துப் பெருசாக்கிக் காட்டுது. சரிதானே? பழைய கேபிள் போட்டா படம் முழுசா வராது. அதையும் மாத்தியாச்சு. செட்டிங்ஸ்ல போயி படத்தோட அளவயும் ஏத்தியாச்சு. பாருங்க, தலைய ஆட்டுறீங்க. ஒரு கோட்டும் பேட்ஜும் குடுங்க, நாளையிலருந்து வந்துடுறேன்.

சர்வீஸ் ஆளா? வந்தாரே. கண்ணுக்கு ஒத்திக்கிற மாதிரி இருக்கே சார், இதுக்கு மேல என்ன வேணும்னாரு. இவரு, அந்தாளுக்குப் பார்வை சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

அதோட விட்டாரா? செய்தி வாசிக்கிற பொண்ணுக்கு மீசை தெரியுது, இந்தப் பெட்டி மூஞ்சிய மாத்திக் காட்டுதுன்னாரு. அது பொண்ணு இல்லங்க, ஆம்பளைன்னேன். அப்ப எதுக்கு நகை போட்டிருக்கான்னாரு. அது சட்டையில குத்தியிருக்குற மைக்.

இப்பல்லாம் சோஃபா சும்மா கெடக்கு. ஸ்டூலப் போட்டு, டிவியில மூக்கு இடிக்கிற மாதிரி உக்காந்துக்குறாரு. நான் என் சீரியல அவரு காதுக்கும் தோளுக்கும் நடுவுல இருக்குற சந்துல பாக்குறேன். மருமக அழுவுறாளா, மாமியா அழுவுறாளான்னு சத்தத்த வெச்சு நானா யூகிச்சுக்கணும். ரெண்டு பேரும் சேந்து அழுத அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே புரியல.

போன ஞாயித்துக்கெழம என்ன பண்ணாரு தெரியுமா? டிஷ்ஷு திரும்பியிருக்கும்னு சொல்லி என்னைய மொட்டமாடிக்கு ஏத்திட்டாரு. அவரு கீழ டிவி முன்னாடி. நான் மேல, ஃபோனக் காதுல இடுக்கிக்கிட்டு. கொஞ்சம் வலப்பக்கம், இல்ல இல்ல இடப்பக்கம், ரொம்பப் போயிட்ட, திரும்பி வான்னு, லாரிக்கு ரிவர்ஸ் சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடுப்புல ஒரு திருப்பு திருப்பினேன். திருகாணி கையோட வந்துருச்சு. டிஷ்ஷு தலையத் தொங்கப் போட்டுத் தரையப் பாக்குது. போச்சுடான்னு நான் நிக்கிறேன், கீழருந்து சந்தோஷமா குரல் வருது. ஆங், அப்படியே விடு, தொடாத, இப்பதான் பளிச்சுன்னு இருக்கு.

ஓடி வந்து பாத்தா டிவி முழுக்க நீலம். நடுவுல சிக்னல் இல்லன்னு வெள்ளையா எழுதியிருக்கு. இவரு ரசிச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. வானம் எவ்வளவு தெளிவா இருக்கு பாரு, பறவைங்க எப்படி வரிசையாப் போகுது பாருங்கிறாரு.

சிரிங்க, நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்புறந்தான் தம்பி நெனச்சுப் பாத்தேன். மறுநாள் வேலைக்குப் போவாரே.

ஆமா, அதேதான். பவர் பத்தலங்கிறது நெசந்தான், பெட்டிக்கு இல்ல. இத அவருகிட்ட யாரு சொல்றது? கண் டாக்டர்னு பேச்செடுத்தாலே சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிடுறாரு. இவரு கைக்குக் கண்ணே தேவயில்லன்னு பேரு வாங்கின மனுஷன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு நின்னா எவன் நம்பி வருவான்னு கேக்குறாரு. போடாம நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தூக்கமே வர்றதில்ல.

அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். இப்ப அவரு வருவாரு. எனக்குப் பெட்டி வேணாம். நீங்க ஒரு பெட்டியக் காட்டி, இது ரொம்பப் பவரான பெட்டிங்க, பாக்குறவரோட கண்ணு நம்பரப் போட்டாத்தான் ஆன் ஆகும், எதிர்த்தாப்புல இருக்குற கண்ணாடிக் கடையில அளந்துட்டு வாங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான். கண்ணுக்குன்னா போகமாட்டாரு, பெட்டிக்குன்னா ஓடுவாரு. அந்தக் கடைக்கார அம்மாகிட்ட நான் பேசிட்டேன். டிவி கண்ணாடின்னு சொல்லியே குடுப்பாங்க. ஒரு தடவ மூஞ்சியில ஏறி, என் மூஞ்சி ஒழுங்காத் தெரிஞ்சுட்டாப் போதும், மத்தத நான் பாத்துக்குறேன்.

பொய்யா? சொல்ல மாட்டீங்களா? தங்க முலாம் பூசின கேபிள் போட்டா செவப்பு இன்னும் செவப்பாத் தெரியும்னு இதே கடையில எனக்கு வித்தாங்களே, அது என்ன வேதமா?

இதோ வந்துட்டாரு. அதோ பாருங்க வாசல்ல. கதவ விட்டுட்டு, பக்கத்துல இருக்குற கண்ணாடிச் செவுத்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்.

என்ன தம்பி, தெரிஞ்சவரா? தெரியாம இருக்குமா. தெருமுனை சலூன்காரர்தான். இன்னிக்குக் காலையில யாருக்கோ ஷேவ் பண்ணும்போது, அந்தப் பையன் ஆடிட்டான்னு சொன்னாரு. நீங்க ஆடுற ஆளாத் தெரியல.

அட, பதில் வாயால சொல்ல வேணாம். சரின்னு தலைய ஆட்டுங்க, போதும். மெதுவா, பிளாஸ்திரி விட்டுரப் போகுது.